பதினேழாம் குழாய்

அணையின் பெயரை எழுத எனக்கு அனுமதியில்லை.
ஈசூனுக்கு அப்பால், குரங்குகள்
குப்பைத்தொட்டியைத் திறக்கப் பழகிவிட்ட
ஒரு சாலையின் முடிவில் என்று மட்டும் சொல்லலாம்.
புல் போர்த்திய மண்கரை. காலையில் அதன்மேல் மெதுவோட்டக்காரர்கள்.
அவர்கள் காலடிக்குக் கீழே
இருபத்து நான்கு குழாய்களை இறக்கி வைத்திருக்கிறோம்,
மண்ணுக்குள் நீர் எவ்வளவு உயரம் எழுந்து நிற்கிறதென்று
மணிக்கொருதரம் கேட்க.

டிசம்பர். மூன்று நாளாக விடாத மழை.
இருபத்து மூன்று குழாய்கள் ஏறின,
ஏறவேண்டிய அளவு, ஏறவேண்டிய வேகத்தில்.
பதினேழு மட்டும்
வியாழன் அதிகாலை மூன்று மணிக்கு
நாற்பத்தொரு சென்டிமீட்டர் துள்ளி
நான்கு மணிக்கு
ஒன்றும் தெரியாததுபோல் இறங்கி நின்றது.

"உணரி கெட்டிருக்கும்," என்றார் கோ.
"ஒற்றைப் புள்ளி. எடுத்துவிட்டால் கோடு நேராகிவிடும்.
வெள்ளிக்குள் அறிக்கை போகணும்."
கெட்டவர் இல்லை.
முப்பது வருடத்தில் அவர் பார்த்துக்கொண்ட கரை எதுவும் உடைந்ததில்லை.
அந்த முப்பது வருடம்தான் எனக்குப் பயம்.

என் அறைத்தோழி தாட்சாயணிக்கு
கெண்ட் ரிட்ஜில், சன்னல் இல்லாத ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை.
விண்மீன்களுக்கு நடுவிலுள்ள இருட்டைவிடக் குளிர்ந்த
உருளை ஒன்றுக்குள்
ஒரே ஒரு துகளில் ஆம் என்றோ இல்லை என்றோ எழுதுகிறாள்.
பிறகு அதை அழிக்கிறாள்.
அழியும்போது கசியும் சூட்டை அளக்கிறாள்.
எத்தனை நிதானமாக அழித்தாலும்
அதற்குக் கீழே இறங்காத ஒரு விலை இருக்கிறதாம்.
எங்கோ ஒரு மூலை
கொஞ்சம் சூடாகித்தான் தீருமாம்.
"எவ்வளவு சூடு?" என்று கேட்டேன் ஒருமுறை.
"உன் தேநீரில் கோடியில் ஒரு பங்கு,
அதில் கோடியில் ஒரு பங்கு, அதில்... போடி, சிரிப்பாய்"
என்று நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தாள்.

சிரிக்கத்தான் செய்தேன்.
இப்போது சுட்டி அந்தக் கட்டத்தின்மேல் நிற்கிறது.
அலுவலகம் இருபத்திரண்டு பாகை.
என் உள்ளங்கை மட்டும் வேர்க்கிறது.

ஹஃபிசுதீன் வண்டிச் சாவியை எடுத்தான். நான் எதுவும் சொல்லவில்லை.

கரையின் அடிவாரத்தில் ஒரு சிறு ஓடை,
முக்கோணமாய் வெட்டிய தகட்டின் வழியே
அணையின் கசிவு சொட்டும் இடம்.
எல்லா மண்கரையும் கசியும். அது குற்றமில்லை.
தெளிந்து வந்தால் கரை மூச்சுவிடுகிறது.
கலங்கி வந்தால்
கரை தன்னையே தின்னத் தொடங்கிவிட்டது.
மழைக்கோட்டுக்குள் கைவிளக்கைப் பிடித்து
அரை லிட்டர் புட்டியில் பிடித்தோம்.
நிறைய நாற்பது நொடி.
போன வாரம் ஐம்பத்தைந்து.

வெளிச்சத்தில் தெளிவாகத்தான் இருந்தது.
"ஓகேதானே?" என்றான் ஹஃபிசுதீன்.
"காலைவரை அசையாமல் இருக்கட்டும்."

காலையில் புட்டியின் அடியில்
இமைக்கு மை தீட்டியதுபோல்
ஒரு கோடு.

கோ அதை நெடுநேரம் பார்த்தார்.
புட்டி ஏற்கெனவே அழுக்காக இருந்திருக்கலாம் என்றார்.
இருந்திருக்கலாம் என்றேன்.
எழுந்துபோய்த் தொலைபேசியில் மதகைத் திறக்கச் சொன்னார்,
ஒரு மீட்டர் இறக்கும்வரை.
திரும்பி வந்து என்னிடம், "அந்தப் புள்ளி இருக்கட்டும்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடு."

சனிக்கிழமை கரையை அடைத்துவிட்டார்கள்.
மெதுவோட்டக்காரர்கள் முணுமுணுத்தபடி திரும்பினார்கள்.
நான்கு மொழிகளில் அறிவிப்பு. தமிழில்
ஒரு கால் விடுபட்டு
'பதை மூடப்பட்டுள்ளது' என்றிருந்தது.
பைக்குள் மார்க்கர் இருந்தது.
எழுதுவதற்கு அந்த விலை இல்லை என்றும் சொல்லியிருக்கிறாள் தாட்சாயணி.
மூடியைத் திறந்துவிட்டு
கொஞ்ச நேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
மழை மறுபடி தூறத் தொடங்கியிருந்தது.